கினிப் பன்றிக்குக் கீரை ஏன்?

பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று கினிப் பன்றி வாங்கி வருகிறோம். மலாய்க்காரர் இதனைத் 'திக்குஸ் பெலாண்டா', அதாவது டச்சுக்கார எலி என்பார்கள். இது பன்றியுமன்று, டச்சு நாட்டதுமன்று! தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காக வளர்த்த பிராணி. 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்குப் போனது.

நம் பள்ளியில் வளர்த்த ஒன்றுக்கு அரிசியும் ரொட்டித் துண்டுமே போட்டுவந்தோம். சில வாரங்களில் அது நொண்டியது, தொட்டால் கத்தியது. காரணம் 1907ஆம் ஆண்டிலேயே தெரிந்த ஒன்றுதான். நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்னும் இருவர், கப்பல் மாலுமிகளின் பெரிபெரி நோயை ஆராய்வதற்காகக் கினிப் பன்றிகளுக்குத் தானியமும் ரொட்டியும் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். வந்ததோ ஸ்கர்வி நோய். முட்டைக்கோசும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கொடுத்தவற்றை அது அண்டவில்லை. எலியின் உடல் வைட்டமின் சி சத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கினிப் பன்றிக்கும் நமக்கும் அது முடியாது.

ஆகவே புல் எந்நேரமும் இருக்கட்டும். நாள்தோறும் கீரையும் ஒரு சிறு துண்டு கொய்யாவும் கொடுப்போம். மருந்தடித்த இடத்துப் புல் மட்டும் வேண்டாம். தோட்டத்தில் இருக்கும் நாம் இதில் கவனமாக இருக்க வேண்டும். நம் பள்ளிப் பிராணி, கீரை தின்னத் தொடங்கிய சில நாட்களில் எழுந்து ஓடியது.