பெடல் என்னும் எல்லைக்கல்

சென்ற மாதம் நண்பர் ஒருவருடன் நிகழ்ந்த சிறு வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில் நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்து இட்லி சாப்பிடுகிறவர் அவர். என் பெரியப்பா நாற்பது ஆண்டுகள் சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வந்தவர். இப்போது முழங்கால் தேய்ந்து வீட்டோடு முடங்கிவிட்டார். அவருக்கு ஒரு மின்சார சைக்கிள் வாங்கலாமா என்று நண்பரிடம் யோசனை கேட்டேன். "தாராளமாக வாங்குங்கள். ஆனால் அதைச் சைக்கிள் என்று மட்டும் சொல்லாதீர்கள்" என்றார். மோட்டார் தள்ளுவதை எப்படி மிதிவண்டி என்பது என்பது அவர் கட்சி.

சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுவதென்றால் அவர் பக்கம் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் நாம் இவ்வண்டிக்கு இட்ட பெயர் காலின் செயலைக் குறிப்பது. ஈழத்தவர் துவிச்சக்கரவண்டி என்றார்கள். அவர்கள் சக்கரங்களை எண்ணினார்கள். சீனர்கள் இட்ட பெயர் ‘ஸிஷிங்ச்சே’. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் ‘தானே செல்லும் வண்டி’. ஜப்பானியரின் ‘ஜிதென்ஷா’வும் ஏறத்தாழ அதே பொருளுடையதுதான்: தானே சுழலும் வண்டி. எந்தப் பெயரைக் கொண்டு இந்த வண்டியை அளப்பது?

இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. எது மின்சார சைக்கிள் என்பதைப் பொறியாளர்களும் ஆர்வலர்களும் முடிவு செய்ததைவிட அதிகமாகச் சட்டங்களே முடிவு செய்திருக்கின்றன. அச்சட்டங்கள் பெரும்பாலும் கையிலெடுத்த அளவுகோல் பெடல். வயலுக்கு வயல் எல்லைக்கல் நடுவதைப் போல, சைக்கிளுக்கும் மோட்டார் வண்டிக்கும் நடுவே ஒவ்வொரு நாடும் பெடலை நட்டுவைத்தது. கல்லை எங்கே நட்டார்கள் என்பதைப் பொறுத்தே யார் அதில் ஏற முடிந்தது என்பதும் அமைந்தது.

*

மின்சார சைக்கிள் நம் காலத்துப் புதுமை என்ற எண்ணம் பிழையானது. இன்று நாம் காணும் வடிவிலான சைக்கிளின் முன்னோடியான ‘ரோவர்’ 1885-இல் வந்தது. டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888-இல். அதிலிருந்து ஏழே ஆண்டுகளில், 1895 டிசம்பர் 31 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்ட்டன் என்பவர் மின்சார சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். மோட்டார் பின்சக்கரத்தின் அச்சுக்குடத்துக்குள்; மின்கலம் சட்டத்தின் நடுவே. இன்று தெருவில் ஓடும் பல வண்டிகளின் அமைப்பும் இதுவேதான்.

ஆனால் அது தெருவுக்கு வரவில்லை. ஈய மின்கலத்தின் எடை அன்று பெருந்தடை. மலிவாகக் கிடைத்த பெட்ரோலோ சிறிய தொட்டிக்குள் பல மடங்கு ஆற்றலை அடக்கி வைத்திருந்தது. 1930களில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் ஒரு சைக்கிள் நிறுவனத்துடன் சேர்ந்து மீண்டும் முயன்றது, அதுவும் பரவவில்லை. உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவில் சிறு எஞ்சின் பொருத்திய மொபெட்டுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ‘மோட்டார்’ என்ற சொல்லின் முன்பாதியையும் ‘பெடல்’ என்ற சொல்லின் முன்பாதியையும் ஒட்டிச் செய்த பெயர் அது. பெயரில் நின்ற பெடல் நாளடைவில் வண்டியிலிருந்து உதிர்ந்துபோனதை டிவிஎஸ் 50 பார்த்து வளர்ந்த நம் தலைமுறை நன்கறியும்.

*

பெடலுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது ஜப்பான். யமஹா நிறுவனம் 1993 நவம்பரில் ‘பாஸ்’ என்ற வண்டியைச் சில மாகாணங்களில் மட்டும் விற்றுப் பார்த்தது. மறு ஆண்டு நாடெங்கும் விற்கத் தொடங்கியது. அதில் முறுக்குவதற்கு ஆக்ஸிலரேட்டர் கிடையாது. காலின் அழுத்தத்தை ஓர் உணர்கருவி அளந்து சொல்ல, மோட்டார் அதற்கேற்ற விகிதத்தில் துணை செய்யும். மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நிற்கும்.

இவ்வமைப்பின் பின்னே சட்டத்தின் நெருக்கடியும் இருந்தது. ஜப்பானியச் சட்டப்படி மோட்டாரால் ஓடும் இருசக்கர வண்டிக்கு உரிமம் வேண்டும், தலைக்கவசம் வேண்டும். அப்படியானால் மூதாட்டி ஒருத்தி கடைக்குப் போக இதை வாங்கமாட்டாள். ஆகவே ஓர் உடன்பாடு உருவாயிற்று. மனித ஆற்றல் ஒரு பங்கென்றால் மோட்டாரின் ஆற்றல் ஒரு பங்கைத் தாண்டலாகாது. மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் துணை படிப்படியாகக் குறைந்து 24-இல் அறவே நிற்க வேண்டும். இந்த வரம்புக்குள் நின்றால் அது சைக்கிள். 2008-இல் குறைந்த வேகத்தில் மோட்டாரின் பங்கை இரண்டாக உயர்த்தினார்கள். 2009-இல் உறுதியான சட்டம் கொண்ட வண்டிகளில் முன்னும் பின்னுமாக இரு குழந்தைகளை ஏற்றிச் செல்லவும் அனுமதித்தார்கள்.

ஜப்பானிய நகரங்களின் மேட்டுத் தெருக்களில் காலை எட்டரை மணிக்கு இவ்வண்டிகளைக் காணலாம். முன்னிருக்கையில் ஒரு குழந்தை, பின்னிருக்கையில் ஒரு குழந்தை, நடுவே மிதித்துக்கொண்டு ஒரு தாய். தனி உடுப்பில்லை, பந்தயமில்லை. சைக்கிள் கலாசாரம் என்று நாம் பேசும்போது இந்தத் தாய் நம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் உலகில் சைக்கிள் ஓட்டுவோரில் பெரும்பகுதியினர் இவரைப் போன்றவர்களே.

*

சீனத்தின் கதை வேறு. மிதிவண்டிகளின் சாம்ராஜ்யம் என்று உலகம் அழைத்த நாடு அது. அறுபது, எழுபதுகளில் மணம் முடிக்க விரும்பும் இளைஞனிடம் பெண் வீட்டார் எதிர்பார்த்தவை ‘மூன்று சுழல்வன, ஒன்று ஒலிப்பது’ என்பார்கள். கைக்கடிகாரம், தையல் இயந்திரம், சைக்கிள், ஒலிப்பது வானொலி. 1989 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் பெய்ஜிங் வந்தபோது, எழுபதுகளில் அந்நகரத் தெருக்களில் சைக்கிள் ஓட்டித் திரிந்த அவருக்குப் பிரதமர் லி பெங் அளித்த பரிசு ‘பறக்கும் புறா’ சைக்கிள்.

அடுத்த பத்தாண்டுகளில் எல்லாம் மாறிற்று. நகரங்கள் பெருகி விரிந்தன. வேலை செய்யும் ஆலை வளாகத்திலேயே குடியிருந்த மக்கள் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் வாழத் தொடங்கினார்கள். புகையைக் கட்டுப்படுத்த 1996-இல் ஷாங்காய் நகரம் பெட்ரோல் ஸ்கூட்டர்களுக்குத் தடைகள் விதித்தது. வேறு பல நகரங்களும் தொடர்ந்தன. கார் வாங்க வழியில்லை, ஸ்கூட்டருக்கு அனுமதியில்லை, மிதித்துச் செல்லும் தூரமுமில்லை. அந்த இடைவெளியில் புகுந்ததுதான் மின்சார சைக்கிள்.

1999-இல் தேசிய அளவிலான தரவிதி வந்தது. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர், எடை 40 கிலோ, கூடவே பெடல். இவ்வரம்புக்குட்பட்டது மோட்டார் அல்லாத வண்டி என்பதை 2004 மே மாதம் நடைமுறைக்கு வந்த சாலைப் பாதுகாப்புச் சட்டம் உறுதிசெய்தது. உரிமம் வேண்டாம், சைக்கிள் தடத்தில் போகலாம். இதற்கிடையே 2003-இல் சார்ஸ் நோய்க்கு அஞ்சிப் பேருந்தைத் தவிர்த்தவர்களும் இதன் பக்கம் திரும்பினார்கள். 1998-இல் ஆண்டுக்குச் சில பத்தாயிரமாக இருந்த விற்பனை 2006-இல் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது.

உற்பத்தியாளர்கள் சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் பொருளைக் கைவிட்டார்கள். பார்வைக்கு முழு ஸ்கூட்டர். ஆனால் பக்கத்துக்கொன்றாக ஒப்புக்கு இரண்டு பெடல்கள். வீட்டுக்கு வந்ததும் அவற்றைக் கழற்றி மூலையில் போட்டார்கள் மக்கள். மிதிப்பதற்கென்று பிறந்த உறுப்பு, சோதனையில் காட்டுவதற்கான அத்தாட்சிச் சீட்டாக மாறியது. மக்கள் இவ்வண்டிக்கு இட்ட செல்லப்பெயர் ‘மின்கழுதை’. பாரம் சுமக்கும், பெருமை பாராட்டாது, எங்கும் நுழையும். அழகான பெயர்.

அக்கழுதை இறக்கிவைத்த பாரங்களும் உண்டு. 2011-இல் செஜியாங் மாகாணத்தில் ஈய மின்கல ஆலைகளின் அருகே வாழ்ந்த நூற்றுக்கணக்கானோரின் இரத்தத்தில், குழந்தைகள் உட்பட, ஈயம் மிகுந்திருப்பது தெரியவந்தது. ஏராளமான ஆலைகள் மூடப்பட்டன. பின்னர் லித்தியம் வந்தது, அத்துடன் தீயும் வந்தது. 2024 பிப்ரவரியில் நான்ஜிங் நகரில், மின்சார சைக்கிள்கள் நிறுத்தியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் பற்றிய தீ பதினைந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. நகரங்களும் இவ்வண்டியை மனமுவந்து ஏற்கவில்லை. குவாங்ஜோ 2006-இலேயே அதைத் தெருக்களிலிருந்து விலக்கியது.

இத்தனைக்கும் பிறகு, 2024-இல் அந்நாட்டில் இருந்த மின்சார சைக்கிள்கள் ஏறத்தாழ 35 கோடி. இதனால் மிதிவண்டி அழிந்தது என்று சிலர் வருந்துவார்கள். ஷாங்காயிலும் குன்மிங்கிலும் நடந்த ஆய்வுகளோ வேறொன்றைச் சொல்கின்றன. ‘இது இல்லாவிட்டால் எதில் போவீர்கள்?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் சொன்ன பதில் பேருந்து. அவர்களில் பலர் ஏற்கெனவே சைக்கிளை விட்டு இறங்கியிருந்தவர்கள்.

*

ஐரோப்பாவில் எல்லைக்கல்லைப் பின்னால் நகர்த்த முடியாதபடி ஆழமாக நட்டார்கள். 2002-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறைப்படி மோட்டாரின் திறன் 250 வாட். மணிக்கு 25 கிலோமீட்டரில், அல்லது மிதிப்பதை நிறுத்தியதும், துணை அறுபட வேண்டும். நெதர்லாந்தில் இன்று விற்கும் புதிய சைக்கிள்களில் பாதி மின்சாரம் கொண்டவை. இங்கே பூசல் சாலையில் எழவில்லை. சைக்கிளோட்டிகளின் மனத்தில் எழுந்தது. ‘இது ஏமாற்று’ என்றார்கள்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பூர்வகதை உண்டு. பிரான்சின் மாபெரும் பந்தயமான டூர் த பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச், மேட்டில் ஏறக் கியர் மாற்றிக்கொள்வது தளர்ந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் உரியது, வீரனுக்கு அழகல்ல என்று கருதியவர். ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிய பால் த விவி கியர் சைக்கிளுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். சாதாரண மனிதனும் மலையேறிப் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. தெக்ராஞ்ச் 1936-இல் நோயுற்று விலகினார். 1937 பந்தயத்தில் கியர் மாற்றிகளுக்கு அனுமதி கிடைத்தது. இன்று கியரில்லாமல் பந்தயத்துக்கு வருபவனை விசித்திரமாகப் பார்ப்பார்கள். என் நண்பரின் சைக்கிளில் இருபத்திரண்டு கியர்கள்.

மோட்டாரும் கியரும் ஒன்றல்ல என்பதை மறுக்க இயலாது. கியர் ஆற்றலை உண்டாக்குவதில்லை, மோட்டார் உண்டாக்குகிறது. பந்தயத்தில் அது மோசடிதான். 2016-இல் உலகச் சாம்பியன்ஷிப் போட்டி ஒன்றில் சைக்கிளுக்குள் மோட்டார் மறைத்திருந்த பெல்ஜிய வீராங்கனைக்கு ஆறாண்டுத் தடை விதித்தது சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு. அதே கூட்டமைப்பு 2019-இல் மின்சார மலைச் சைக்கிளுக்கென்றே தனி உலகச் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. மோசடி என்பது மோட்டாரில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆபத்தும் இருக்கிறது. 2017-இல் நெதர்லாந்தில் கார்களில் இறந்தவர்களைவிடச் சைக்கிளில் இறந்தவர்கள் முதன்முறையாக அதிகமாயினர். அவர்களில் ஏறத்தாழக் கால்பங்கினர் மின்சார சைக்கிளில் சென்றவர்கள்; அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள். மறுபக்கம், ஏழு ஐரோப்பிய நகரங்களைக் கொண்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, மின்சார சைக்கிளோட்டிகள் பெறும் மொத்த உடலுழைப்பு மற்றவர்களுடையதைவிடக் குறைவல்ல என்றது. அவர்கள் இன்னும் தொலைவு போகிறார்கள்.

*

நண்பருக்கு நான் சொல்ல விரும்பியது இதுதான். சைக்கிள் கலாசாரம் என்பது பந்தயக்காரர்கள் மட்டும் வளர்த்ததன்று. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். தண்ணீர்க் குடத்தோடும் பிள்ளையோடும் யாரையும் எதிர்பாராமல் போய்வர முடிந்ததே அவர்களுக்கு அதன் பொருள். அந்தப் பொருளைக் கொண்டு அளந்தால், கால் ஓய்ந்த பிறகும் ஒருவரைத் தனியே வெளியே போகவிடும் வண்டிக்கு மிதிவண்டிக் குடும்பத்தில் இடமுண்டு. ஓட்டுபவரின் வியர்வையை அளந்து உறுப்பினர் சீட்டுக் கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்ததில்லை.

எல்லைக்கல்லும் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சீனத்தின் புதிய தரவிதி, எல்லா வண்டிகளிலும் பெடல் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைக் கைவிட்டுவிட்டது. கால் நூற்றாண்டாக மூலையில் கிடந்த பெடல்களைச் சட்டம் ஒருவழியாகக் கண்டுகொண்டது. இந்தியாவிலோ 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின்வண்டி, பெடல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை.

பெரியப்பாவிடம் இந்த வரலாற்றையெல்லாம் சொல்லவில்லை. கடையில் எடுத்த படத்தை மட்டும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பெடல் இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு பெரியப்பா."

"அப்பச் சரி. பாதி வழியில சார்ஜ் தீந்துட்டா மெதுவா மிதிச்சாவது வீடு வந்து சேந்துடலாம்."