துப்பாக்கி ஓய்ந்த கோடியக்கரை

விடுமுறை நெருங்கினால் நம் குடியிருப்பில் கடற்கரைப் பயணப் பேச்சு தொடங்கிவிடும். இந்த முறை கோடியக்கரையை யோசிக்கலாம். விருத்தாசலம், சிதம்பரம், நாகப்பட்டினம் வழியாக வேதாரண்யம் தாண்டினால் வந்துவிடும். கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே சதுப்பு நிலம். மழைக்காலத்தில் சதுப்பு நிரம்பினால் ஏறக்குறைய தீவேதான்.

இன்று அங்கே வெளிமானையும் பூநாரையையும் பார்க்கக் குடும்பத்தோடு போகிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு காட்டுக்கும் ஏரிக்கும் பொழுதுபோக்கப் போன துரைமார்கள், ஜமீன்தார்கள் தோளில் துப்பாக்கி இருந்தது. வேட்டை ஒரு கௌரவம். 1912ஆம் ஆண்டுச் சட்டம்கூட வேட்டையை அடியோடு நிறுத்தவில்லை. குறிப்பிட்ட பருவத்தில் சுடக்கூடாது என்பதோடு நின்றது.

சட்டத்துக்கு முன்பே விழித்துக்கொண்டவர்கள் வேடந்தாங்கல் மக்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அவர்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்க உத்தரவு வாங்கினார்கள். பாசம் மட்டும் காரணம் அல்ல. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் அவர்கள் வயலுக்கு உரம்.

கோடியக்கரை 1967இல்தான் சரணாலயம் ஆனது. வெளிமானைக் காப்பதற்காக 17.26 சதுர கி.மீ. ஒதுக்கப்பட்டது. பறவையியலாளர் சாலிம் அலி அதற்கு முன்பே இவ்விடத்தின் அருமையை எடுத்துச் சொல்லியிருந்தார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் வாங்கி வேட்டையாட அதில் இருந்த வழியும் 1991 திருத்தத்தில் அடைபட்டது. 2002இல் கோடியக்கரை ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் சட்டம் நிறுத்தியது துப்பாக்கியைத்தான். சைபீரியாவிலிருந்து வரும் உள்ளான்கள் இங்கே சேற்றில் இரை தேடி உடம்பில் கொழுப்பைச் சேர்க்கின்றன. திரும்பிப் பறக்க அதுதான் எரிபொருள். நாம் படம் எடுக்க நெருங்கும்போதெல்லாம் கூட்டமே எழுந்து பறக்கிறது. சேர்த்த கொழுப்பு வீணாகிறது. ஒரு நாளில் பத்துக் குடும்பங்கள் இப்படிச் செய்தால் என்ன ஆகும்?

ஆகவே போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வனத்துறையிடம் அனுமதி பெற்று அதிகாலையில் போங்கள். ஒரு தொலைநோக்கி இருந்தால் கிட்டே போகத் தேவையில்லை. பாட்டு வேண்டாம். கொண்டுபோன பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வேடந்தாங்கல் ஊரார் கலெக்டர் வரை போய்ச் செய்த காரியத்தில் நம் பங்கு இவ்வளவுதான்.