வாசலில் ஒரு சோதனை - கொஞ்சம் வரலாறு

போன மாதம் மாமாவின் காரில் குடும்பத்தோடு ஒரு ஷாப்பிங் மாலுக்குப் போயிருந்தோம். வாசலில் காவலாளி வண்டியை நிறுத்தினார். குச்சியில் மாட்டிய கண்ணாடியை வண்டிக்கு அடியில் ஒரு சுற்று விட்டுப் பார்த்தார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். அம்மாவின் சாப்பாட்டுப் பையைக் கூட விடவில்லை. அதே நேரம் பக்கத்து வழியில் ஒரு சரக்கு வேன் நிற்காமல் உள்ளே போனது.

"அந்த வண்டியைப் பாக்கலியாண்ணே?" என்று கேட்டேன்.

"அது தினமும் வர்ற வண்டி தம்பி" என்று சிரித்தார்.

அந்தப் பதில் மனதில் நின்றுவிட்டது. கடைக்கும் ஹோட்டலுக்கும் போகிறவர்களைச் சோதிக்கும் இந்தப் பழக்கத்தின் கதை என்ன என்று தேடிப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

முதலில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரம். 1972 மார்ச் 4 அன்று அபர்கார்ன் என்ற உணவகத்தில் குண்டு வெடித்து இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் காயம். அதே ஆண்டு ஜூலை 21 அன்று, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் நகரில் சுமார் 20 குண்டுகள் வெடித்தன. 9 பேர் பலி. அதன்பின் கடைவீதியைச் சுற்றி இரும்புக் கதவுகள் வந்தன. உள்ளே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து, பையைத் திறந்து பார்த்து அனுப்பினார்கள். கடைகளும் தங்கள் பங்குக்கு வாசலில் ஆள் வைத்தன. ஒரு சட்டை வாங்கப் போனால் இரண்டு மூன்று முறை சோதனை! அந்த ஊர் மக்களுக்குப் பல வருடங்கள் இதுவே வாழ்க்கை ஆனது.

அடுத்து ஹோட்டல்கள். 2003 ஆகஸ்ட் 5 அன்று ஜகார்த்தாவின் ஜே.டபிள்யூ. மேரியட் வாசலில் கார் குண்டு வெடித்து 12 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே வண்டிச் சோதனை மிகக் கடுமையானது.

2008 செப்டம்பர் 20 அன்று இஸ்லாமாபாத் மேரியட்டுக்கு வெடிமருந்து நிரப்பிய லாரி ஒன்று வந்தது. வாசல் தடுப்பில் மோதி நின்றது. லாரியில் தீப்பிடித்தது. காவலாளி ஒருவர் ஓடிவந்து தீயை அணைக்க முயன்றார். சில நிமிடங்களில் லாரி வெடித்தது. 50க்கும் மேற்பட்டோர் பலி. ஆனால் லாரி தடுப்பைத் தாண்டிக் கட்டிடத்தை ஒட்டிப் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். அந்த விலையை முதலில் கொடுத்தவர்கள் வாசலில் நின்றவர்கள்தான்.

இரண்டே மாதத்தில் மும்பை. நவம்பர் 26 அன்று தொடங்கிய தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தார்கள். தாஜ் ஹோட்டலுக்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது, சில ஏற்பாடுகளும் செய்திருந்தோம், ஆனால் அவர்கள் முன்வாசல் வழியாக வரவில்லை என்று ரத்தன் டாட்டா பேட்டியில் சொன்னார். நம் ஊர் மால்களிலும் ஹோட்டல்களிலும் கண்ணாடிக் குச்சியும் மெட்டல் டிடெக்டரும் பரவலானது இதற்குப் பிறகுதான். 2009ல் சட்டத்தைத் திருத்தி, தனியார் நிறுவனங்களும் பணம் கட்டி மத்திய தொழில் பாதுகாப்புப் படையைப் பெறலாம் என்று ஆக்கினார்கள். இன்போசிஸின் பெங்களூர் வளாகத்துக்கு அந்த ஆண்டே படை வந்தது.

இவ்வளவு செய்தும் ஓட்டை அடைபட்டதா? 2009 ஜூலை 17 அன்று ஜகார்த்தாவில் அதே மேரியட்டிலும் பக்கத்து ரிட்ஸ் கார்ல்டனிலும் குண்டு வெடித்தது. 7 பேர் பலி. கார்கள் எல்லாம் வாசலில் சோதிக்கப்பட்டுத்தான் உள்ளே போயின. ஆனால் வெடிமருந்து, ஹோட்டலில் பூ அலங்கார வேலை பார்த்த ஒருவர் மூலம் சரக்கு இறக்கும் வழியாக உள்ளே போயிருந்தது. தாக்கியவரோ அறை எடுத்துத் தங்கிய விருந்தாளி. 2019 ஏப்ரல் 21 அன்று கொழும்பு ஹோட்டல்களிலும் விருந்தாளியாகத் தங்கி வந்தவர்கள் தாக்கினார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் தனியார் காவலாளிக்குப் போலீஸைப் போல நம்மைச் சோதிக்கும் அதிகாரம் கிடையாது. இடத்தின் உரிமையாளர் "சோதனைக்கு ஒத்துக்கொண்டால் உள்ளே வா" என்று நிபந்தனை போடுகிறார். நாம் சம்மதித்துப் போகிறோம், அவ்வளவுதான். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடலாம். கட்டாயப்படுத்தித் தொட அவருக்கு உரிமை இல்லை. 2005ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டமும் அதன் மாதிரி விதிகளும் காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. வெயிலில் 12 மணி நேரம் நிற்கும் எத்தனை பேருக்கு அது முழுதாகக் கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

காமர்ஸ் மாணவனுக்கு இது தணிக்கைப் பாடத்தைத்தான் நினைவூட்டுகிறது. ரொக்கப் புத்தகத்தைப் பைசா சுத்தமாகப் பார்த்துவிட்டு, சரக்கு வரவை "தினமும் வருவதுதானே" என்று விட்டால் மோசடி அங்கேதான் நடக்கும். முன்வாசலில் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செலவு செய்யும் முதலாளிகள், பின்வாசலிலும், அந்தக் காவலாளியின் பயிற்சியிலும் சம்பளத்திலும் செலவு செய்யத் தயாரா?

அடுத்த முறை டிக்கியைத் திறக்கச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டேன். ஏதாவது நடந்தால் முதலில் போவது அவர் உயிர்தானே.