எது மொக்கை டீம்? வடசென்னைக் கால்பந்து ரசிகர்களின் வாதம்

மோசமான அணி எது என்று ரசிகர்கள் ஒருவரையொருவர் ஓட்டிக்கொள்ளும் பழக்கம், கால்பந்து உள்ள ஊரெல்லாம் உண்டு. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பக்கம் அதற்குத் தனி ருசி. காரணம், இங்கே வாய்ச்சண்டை போடுகிறவர்களில் பலர் ஒரு காலத்தில் தெருவில் செருப்பைக் கழற்றி கோல் கம்பமாக வைத்து ஆடியவர்கள். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் வளர்ந்த பிள்ளைகள் தேசிய அணிவரை போயிருக்கிறார்கள். தன்பால் கணேஷ், நந்தகுமார் சேகர் இருவரும் அந்தப் பகுதிக்காரர்கள். ஆட்டம் தெரிந்தவன் செய்யும் கிண்டலில் கணக்கு சுத்தமாக இருக்கும்.

இந்த வாதத்துக்கு மாளாத தீனி போட்டது சென்னையின் எஃப்.சி.யின் 2018–19 இந்தியன் சூப்பர் லீக் பருவம். 2014-இல் தொடங்கிய இந்த அணி 2015-இல் கோவாவை 3–2 என்று வென்று கோப்பை எடுத்தது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரிலேயே பெங்களூரு அணியை அதே 3–2 கணக்கில் வீழ்த்தி இரண்டாவது கோப்பை. அதற்கு நான்கு நாள் முன்பு நடந்த அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக விழுந்த மூன்று கோலில் ஒன்று தன்பால் கணேஷின் கோல். வியாசர்பாடிக்கு அது சொந்த வீட்டுக் கல்யாணம்.

ஆறு மாதம் கழித்து அதே அணி சரிந்தது. முதல் ஆட்டத்திலேயே பெங்களூரிடம் தோல்வி. பெரியமேடு ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று கோல் கணக்கில் வந்தும் நான்கு வாங்கியது. எதிரணியின் ஓக்பெச்சே ஒருவரே மூன்று அடித்தார். மூன்று கோல் வந்தும் தோற்ற ஆட்டம் ரசிகன் மனதில் முள்ளாகத் தங்கும். ஒரு கோலும் இல்லாமல் தோற்றால்கூட மறந்துவிடலாம். பருவம் முடிந்தபோது 18 ஆட்டம், 2 வெற்றி, 3 சமன், 13 தோல்வி, 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது இடம். நடப்பு சாம்பியன் கடைசியில் வந்து நின்றது.

இதற்கு நேர் மேலே, ஒன்பதாவது இடத்தில், 15 புள்ளியோடு இருந்தது கேரளா பிளாஸ்டர்ஸ். இங்கேதான் வாதம் சூடுபிடிக்கும். சென்னையில் டீக்கடை வைத்திருக்கும் மலையாளிகள் நிறையப் பேர். பாய்லர் பக்கத்தில் கிளாஸைக் கழுவிக்கொண்டே ஆரம்பிப்பார் சேட்டா: “தம்பி, நாங்க தோத்தது ஏழு. நீங்க பதிமூணு.” பெஞ்சில் இருப்பவன் விடமாட்டான்: “சேட்டா, ஜெயிச்சது ரெண்டு பேரும் ரெண்டுதானே? அதுல ஒண்ணு நாங்க குடுத்தது.” இரண்டு பேச்சிலும் பொய் இல்லை. கேரளாவுக்கு ஒன்பது ஆட்டம் சமன். அதன் இரண்டு வெற்றிகளில் ஒன்று 2019 பிப்ரவரி 15 அன்று கொச்சியில் சென்னையை 3–0 என்று அடித்தது. அதற்கு ஆறு நாள் முன்பு சென்னை, அந்தப் பருவத்தில் கோப்பை வாங்கப்போகிற பெங்களூரையே 2–1 என்று தோற்கடித்திருந்தது. யார் மொக்கை என்று எப்படித் தீர்ப்பது? தோல்வியை எண்ணினால் சென்னை. ஜெயிக்கத் தெரியாமை என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். என் கணக்கில் சென்னைதான் மோசம். உயரத்திலிருந்து விழுந்தவனுக்குத்தான் அடி பலம்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச இன்னொரு சங்கதியும் சேர்ந்தது. கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி எஃப்.சி., அதே பருவத்தில் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கின் கோப்பையை வென்றது. 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தியது. சென்னை என்று பெயர் வைத்த இரண்டு அணிகளில் ஒன்று தலையில், ஒன்று வாலில்.

வெளிநாட்டிலும் இப்படி நினைவில் நிற்கும் அணிகள் உண்டு. இங்கிலாந்தில் டெர்பி கவுண்டி 2007–08 பருவத்தில் 38 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று வென்று 11 புள்ளி எடுத்தது. அமெரிக்கக் கல்லூரிகள் முட்டை வடிவப் பந்தில் ஆடும் ஃபுட்பாலில், டெக்சாசின் பிரெய்ரி வியூ பல்கலைக்கழகம் 1989 முதல் 1998 வரை தொடர்ந்து 80 ஆட்டம் தோற்றது. டெர்பி அந்த வருடமே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. சூப்பர் லீக்கில் அப்போது கீழிறக்கம் கிடையாது. கடைசி இடத்துக்குக் கிடைத்த தண்டனை டீக்கடைப் பெஞ்சோடு சரி.

கடைசி இடம் பிடித்த அதே சென்னை அணி, அடுத்த மாதமே சூப்பர் கோப்பை இறுதிவரை போனது. 2019 ஏப்ரல் 13 அன்று புவனேஸ்வரில் கோவாவிடம் 1–2 என்று தோற்றது. அடுத்த பருவத்தின் தொடக்கமும் மோசம். பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார், ஓவன் காயில் வந்தார். அணி நிமிர்ந்து நான்காவது இடம் பிடித்து இறுதிப்போட்டிக்கே போனது. 2020 மார்ச் 14 அன்று கோவாவில், கொரோனாவால் பார்வையாளரே இல்லாத அரங்கில், ஏ.டி.கே.யிடம் 1–3 என்று தோற்றது. ஓட்டியவர்களும் ஓட்டப்பட்டவர்களும் அன்று வீட்டு டி.வி. முன்னால்தான் இருந்தார்கள்.