ஒரு குடும்பமே தூதுரையாய்

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் பந்தலுக்கு அடியில் நின்று பேசியவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. உயரமானவர் எவராயினும் சற்றே தலை தாழ்த்தித்தான் பேச வேண்டும். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைப் பிரெஞ்சுக் குரு ஒருவர் 1832-ஆம் ஆண்டில் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்தச் செய்தி நாளிதழ்களிலும் வந்தது. வேற்று நாட்டுக் கொடி நம் மண்ணில் வேர்விட்டு, இன்று அதனை வேற்று நாட்டுக் கொடி என்று எவரும் நினைப்பதுகூட இல்லை.

அப்படியொரு பந்தலின் கீழ்தான் அந்தக் கேள்வி எழுந்தது. உலக மறைபரப்பு ஞாயிறு முடிந்த வாரம் அது. ஆப்பிரிக்க நாடுகளில் பணியாற்றும் குருக்களைப் பற்றியும் கன்னியரைப் பற்றியும் மறையுரையில் விரிவாகவே பேசியிருந்தேன். காணிக்கையும் தாராளமாக வந்திருந்தது. தோட்டத்து வீட்டை மந்திரிக்கப் போனபோது, மறைக்கல்வி வகுப்பில் படிக்கும் அந்த வீட்டுப் பெண், "ஃபாதர், மறைபரப்புக்குச் சாமியாரும் சிஸ்டரும் மட்டும்தான் போகணுமா? அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பமாப் போக முடியாதா?" என்று கேட்டாள். அக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரை நினைவூட்டி விடை கூறினேன். ஆனால் அது பாதி விடைதான் என்பதை வீடு திரும்பும் வழியிலேயே உணர்ந்தேன். மீதி விடைக்கு நம் திருச்சபையின் எல்லைக்கு வெளியே சென்று தேட வேண்டியிருந்தது. அந்த விடையின் பெயர் ஸ்கடர் குடும்பம்.

ஜான் ஸ்கடர் 1793-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க் நகரில் நன்கு பெயர் பெற்று வந்த மருத்துவர். ஒருநாள் நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்ற இடத்தில், காத்திருக்கும் நேரத்தில் ஒரு சிறு நூலைக் கையில் எடுத்தார். உலகில் நற்செய்தி அறியாத 60 கோடி மக்களைப் பற்றி, பம்பாயில் பணியாற்றிய இரு அமெரிக்க மறைப்பணியாளர் எழுதிய நூல் அது. அதைப் படித்தவர் மருத்துவத் தொழிலை உதறினார் என்று எழுதுவதுதான் வழக்கம். உண்மையில் அவர் உதறவில்லை, உடன் எடுத்துச் சென்றார். 1819 ஜூன் மாதத்தில் மனைவி ஹாரியட்டுடனும் பெண் குழந்தையுடனும் பாஸ்டன் துறைமுகத்தில் 'இந்தஸ்' என்னும் கப்பலில் ஏறினார். கல்கத்தா வந்து சேர்ந்தவுடன் அந்தக் குழந்தை இறந்தது. யாழ்ப்பாணம் வந்தபின் பிறந்த மற்றொரு சேயும் நிலைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் பண்டத்தரிப்பு. அமெரிக்க மிஷனுக்கு அன்றைய ஆங்கில அரசு கொடுத்த தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு ஆகிய நிலையங்களெல்லாம் ஒரு காலத்தில் போர்த்துக்கீசியர் எழுப்பிய கத்தோலிக்க ஆலயங்கள் இருந்த இடங்கள். பின்னர் ஒல்லாந்தர் கைக்குப் போய், பராமரிப்பின்றிச் சிதைந்தவை. நம் பழைய ஆலயங்களின் சுவர் நிழலிலேயே ஸ்கடர் தம் மருந்துப் பெட்டியைத் திறந்தார் என்பதைப் படித்தபோது எனக்குள் ஒரு நெருடல். அது பொறாமையா, நன்றியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அமெரிக்காவிலிருந்து பிறநாட்டு மறைப்பணிக்குச் சென்ற முதல் மருத்துவர் என்று வரலாறு அவரைக் குறிக்கிறது. ஆயினும் அந்த மிஷனின் பெரும்பணி கல்வியே. 1823-இல் வட்டுக்கோட்டைக் குருமடம் என்னும் உயர்கல்விக்கூடமும், 1824-இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியும் தோன்றின. பெண் பிள்ளை எழுத்து அறிந்தால் குடும்பம் கெடும் என்று எண்ணிய காலத்தில், உடுவில் பள்ளி ஒரு துணிவு. ஆனால் அந்த விடுதிகளில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு, பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளர்களின் பெயரே பெயராயிற்று. தாய் தந்தையர் இட்ட பெயர் ஏட்டிலிருந்தே மறைந்தது. பிள்ளைக்குச் சோறும் எழுத்தும் கொடுத்துவிட்டுப் பெயரைப் பறித்துக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது. நம் திருமுழுக்கு ஏடுகளைப் புரட்டும்போதும் இதே கேள்வி என்னைத் தொடர்வதால், அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1836-இல் ஸ்கடர் சென்னைக்கு மாற்றப்பட்டார். அச்சுக்கூடமும் தமிழ்த் துண்டு வெளியீடுகளும் அங்கே அவருடைய பணியாயின. 1842 முதல் 1846 வரை தாயகத்தில் இருந்தபோது, பெரியவர்களை விடச் சிறுவர்களிடமே அதிகம் பேசினார். ஊர் ஊராகச் சென்று அவர் உரையாற்றிய சிறுவர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பர். மீண்டும் இந்தியா வந்து, 1847 முதல் 1849 வரை நம் மதுரையில் மருத்துவப் பணி செய்தார். அமெரிக்கர் மதுரை மிஷனைத் தொடங்கியது 1834-இல். மீண்டும் நிறுவப்பட்ட இயேசு சபையின் குருக்கள் மதுரை மறைத்தளத்திற்கு வந்ததும் ஏறக்குறைய அதே வேளையில்தான். வைகையின் ஒரே நீரைக் குடித்துக்கொண்டு இரு தரப்பும் ஒருவரையொருவர் கண்டித்து எழுதிய எழுத்துகளை இன்று படித்தால் வெட்கமாக இருக்கிறது. காய்ச்சலுக்கும் காலராவுக்கும் இரு தரப்புமே ஆட்களைப் பறிகொடுத்தன. உயிர் தப்ப மலை தேடிய அமெரிக்கர் பெரியகுளத்திலிருந்து ஏறிச் சென்று, 1845-இல் கொடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். பின்னர் அதே மலையில் நம் குருக்களும் 1866-இல் சலேத் மாதா ஆலயத்தை எழுப்பினர். நோயின் முன்னே மட்டும் பிரிவினை இருக்கவில்லை போலும்.

ஹாரியட் 1849-இல் சென்னையில் காலமானார். உடல் தளர்ந்த ஸ்கடரைக் கடற்காற்றுக்காக ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அனுப்பினர். அங்கே நன்னம்பிக்கை முனையை அடுத்த வைன்பெர்க்கில் 1855 ஜனவரி 13 அன்று அவர் உயிர் பிரிந்தது. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் மதுரைக்கும் கொடுத்த வாழ்வு, மூன்றாவது கண்டம் ஒன்றில் முடிந்தது.

அவருடைய ஏழு மகன்கள் தென்னிந்தியாவுக்கே மறைப்பணியாளராய்த் திரும்பி வந்தனர். மூத்தவர் ஹென்றி மார்ட்டின் பண்டத்தரிப்பில் பிறந்தவர். தமிழில் சந்தையிலும் தெருவிலும் நின்று விவாதிக்க வல்லவர். அவரும் தம்பியர் வில்லியம், ஜோசப் ஆகியோரும் சேர்ந்து 1853-இல் ஆற்காடு மிஷனை அமைத்தனர். ஆங்கிலப் பள்ளிகளைத் தவிர்த்து, ஊர் ஊராகத் தமிழில் போதிப்பதே முதற்பணி என்பது அவர்களின் தொடக்ககால விதி. சைலஸ் 1866-இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார். நான்கு தலைமுறைகளில் இக்குடும்பத்தவர் 40-க்கும் மேற்பட்டோர் மறைப்பணியில் ஈடுபட்டனர் என்றும், அவர்கள் பணியாற்றிய ஆண்டுகளைக் கூட்டினால் 1,000-க்கு மேல் வரும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் பெருமையாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளைகள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சி, பெற்றோர் தம் மக்களைச் சிறு வயதிலேயே கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவர். மீண்டும் முகம் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். கடைசி மகன் இரண்டாம் ஜானின் மகள் ஐடா 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவள். 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்தைக் குழந்தைக் கண்களால் கண்டவள். பிறகு பெற்றோர் இந்தியா திரும்ப, அவள் மட்டும் சிக்காகோவில் பெரியப்பா ஹென்றி மார்ட்டின் வீட்டில் விடப்பட்டாள். தாய் கப்பலேறப் புறப்பட்ட இரவில் வெறுமையான படுக்கையில் விழுந்து அழுத பெண், தான் ஒருபோதும் மறைப்பணியாளர் ஆவதில்லை என்று உறுதி பூண்டதில் வியப்பென்ன? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்ன குடும்பம், சொந்தப் பிள்ளையை உறவினர் வீட்டில் வளர்த்தது. மணமாகாத குருவாகிய நான் இதில் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றவன். ஆனாலும் அந்தத் தோட்டத்து வீட்டுப் பெண்ணுக்கு இதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

1890-இல், தாய் நோயுற்றிருந்ததால் ஐடா திண்டிவனம் வந்தாள். சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்புவதே எண்ணம். அங்கிருந்தபோது ஓர் இரவு மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராய், பங்களாக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் வேறொரு சாதி இந்து. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் தவித்துக்கொண்டிருந்தனர். "என் தந்தை மருத்துவர், அழைத்துச் செல்லுங்கள்" என்று ஐடா சொன்னாள். அந்நிய ஆடவர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடுவதா என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். பொழுது விடிந்தபோது பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் இறந்திருந்தனர். இதை ஐடாவே பின்னாளில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்தார். 1902-இல் 40 படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்றாக வேண்டும். அன்றிரவு அந்த மூவரும் அருகிலிருந்த ஒரு கத்தோலிக்கக் கன்னியர் மடத்தின் கதவைத் தட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தச் சகோதரிகளுக்கு எவ்வளவு இரக்கம் இருந்திருந்தாலும், கற்புவாக்குக் கொடுத்த கன்னியர் பேறுகால மருத்துவம் செய்வதைத் திருச்சபைச் சட்டம் அன்று அனுமதிக்கவில்லை. ஆக்னஸ் மெக்லாரன் என்னும் ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவர், அறுபது வயதளவில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர், ராவல்பிண்டியில் பெண்களுக்கென மருத்துவமனை அமையக் காரணமானவர், இந்தத் தடையை நீக்குமாறு உரோமைக்கு மீண்டும் மீண்டும் சென்று மன்றாடினார். 1913-இல் அவர் இறக்கும்போதும் தடை நீங்கவில்லை. ஆஸ்திரேலியாவின் மேரி கிளவ்ரி தனி அனுமதி பெற்று 1920-இல் குண்டூர் வந்து கன்னியராய் மருத்துவம் செய்தார். அன்னா டெங்கல் 1925-இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகளைத் திரட்டினார். அவர்கள்கூட வெளிப்படையான வாக்குத்தத்தம் கொடுக்க இயலாமல் காத்திருந்தனர். 1936-இல்தான் திருப்பீடம் கதவைத் திறந்தது. திண்டிவனத்து இரவுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல். கதவைத் தட்டியும் திறக்கப்படாத பெண்கள் அந்த ஆண்டுகளில் எத்தனை பேரோ! குருமடத்தில் திருச்சபைச் சட்டம் படித்தபோது இதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐடாவின் பெரும் சாதனை மருத்துவம் பார்த்தது அல்ல, மருத்துவம் கற்பித்தது. தாம் ஒருவர் எத்தனை கதவுகளுக்குப் பதில் சொல்ல முடியும் என்று எண்ணினார். 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1918 ஆகஸ்டு மாதம் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபு திறந்து வைத்தார். பெண்கள் தேற மாட்டார்கள் என்று அதிகாரிகள் எச்சரித்திருந்தனர். முதலாண்டுத் தேர்வில் அவருடைய மாணவியர் அனைவரும் தேறினர். 1922-இல் முதல் அணியினர் 14 பேர் மருத்துவராய் வெளிவந்தனர். 1928-இல் காந்தியடிகள் வந்து பார்த்துச் சென்றார். 1930-களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயம் என்று சென்னை அரசு விதித்தபோது பள்ளியே மூடப்படும் நிலை. முதுமையில் ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராகக் கையேந்தினார். 1942-இல் பட்டப்படிப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947-இல் ஆண் மாணவரும் சேர்ந்தனர். அதே ஆண்டு ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண் மருத்துவர் நிறுவனத்தின் தலைமை ஏற்றார். என்னைக் கேட்டால், ஸ்கடர் குடும்ப வரலாற்றில் மிகச் சிறந்த நிகழ்ச்சி அதுதான். தாத்தா காலத்தில் பிள்ளைகளின் பெயரை மாற்றிய மிஷன், பேத்தி காலத்தில் சாவியையே கொடுத்தது.

நம் ஆயர்கள் பெங்களூரில் தூய யோவான் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது 1963-இல். அன்னை கிளவ்ரி கனவு கண்டு, காணாமலே 1957-இல் மறைந்தார்.

ஐடா 1960 மே மாதம், தம் 89-ஆம் வயதில், கொடைக்கானலில் இருந்த தம் இல்லத்தில் இறைவனடி சேர்ந்தார். நம் பள்ளத்தாக்கை ஒட்டிய அதே மலையில். வேலூர் நகரமே கடையடைத்து அவருடைய உடலை எதிர்கொண்டதாகப் படித்திருக்கிறேன்.

சென்ற மாதம் பங்கு வீட்டிற்கு ஒரு தாய் வந்தார். மகனுக்கு நரம்பில் ஏதோ கோளாறு, வேலூருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். போடியிலிருந்து காட்பாடி வழியாகச் சென்னை செல்லும் ரயில் 2023 முதல் ஓடுகிறதே, அதில் சீட்டு எடுத்தாயிற்று என்றார். எழுந்து போகும்போது வாசலில் திரும்பி, "சாமி, அது வேதக்காரங்க ஆஸ்பத்திரின்னாலும் நம்ம சபை இல்லையாமே, அங்கே போய் நாம ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டார். உள்ளே சிற்றாலயம் ஒன்று இருக்கிறது, எந்தச் சபை என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன். கையில் ஒரு செபமாலையைக் கொடுத்து அனுப்பினேன். தோட்டத்து வீட்டுப் பெண்ணுக்கு இன்னும் முழு விடை சொல்லவில்லை. இந்தப் பக்கங்களை அவளிடம் படிக்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.