காவலூர் மலையும் கணிப்பொறி மொழியும்

ஆம்பூர், வாணியம்பாடி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தோல் தொழில். பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டையின் மணமும் இளமையிலேயே பழகியவை. ஆனால் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலைமீது ஏறினால், முற்றிலும் வேறொரு தொழிற்சாலையைக் காணலாம். அங்கே பதனிடப்படுவது தோலன்று, விண்மீன்களின் ஒளி. அதுவே காவலூர் வானாய்வகம். அங்கு நிகழ்ந்த ஒரு சிறிய வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

வானியலறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இம்மலையில் 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி நிறுவப்பட்டது, 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்ச்சியைக் காவலூரில் அளந்தனர். மறைப்பு நேர்வதற்கு முன்னரே அவ்விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கியது. அது புதியதொரு துணைக்கோளின் வேலை என்றே முதலில் கருதப்பட்டது. வேறிடங்களின் அளவுகளோடு ஒப்பிட்ட பிறகே, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பது தெளிவாயிற்று. அளவு தானாகப் பேசுவதில்லை. அதனைப் பேசவைக்கும் முறையும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

1986இல் 234 செ.மீ. பெருந்தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது. மின்னணு ஒளியுணர்விகளும் வந்தன. ஒளிப்படத் தகட்டின் இடத்தில், இலட்சக்கணக்கான எண்கள் வந்து குவிந்தன. ஒவ்வோர் எண்ணிலிருந்தும் கருவியின் சொந்தப் பிழையைக் கழித்தல் வேண்டும்; உணர்வியின் ஏற்றத்தாழ்வை வகுத்து நீக்குதல் வேண்டும்; அறிந்த விளக்கொளியோடு ஒப்பிட்டு அலைநீளத்தை நிறுவுதல் வேண்டும். கணக்கு எளியது, ஆனால் மனிதக் கையால் செய்து முடியாதது. கணிப்பொறியோ இருந்தது. அதனோடு பேசுவது யார்?

இக்கேள்வி காவலூருக்கு மட்டும் உரியதன்று. 1957இல் ஜான் பாக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டதன் நோக்கமே, அறிவியலார் தாம் எழுதும் சூத்திரத்தைப் போலவே கட்டளையையும் எழுதவேண்டும் என்பதுதான். 1964இல் கெமனியும் குர்ட்சும் டார்ட்மத் கல்லூரியில் எல்லா மாணவருக்குமாக பேசிக் மொழியைத் தந்தனர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிட்பீக் மலையில், தொலைநோக்கியை இயக்குவதற்காகச் சார்லஸ் மூர் ஃபோர்த் மொழியைப் பயன்படுத்தினார். அதில் சில செயல்களைச் சேர்த்து ஒரு பெயரிட்டால், அப்பெயரே புதியதொரு கட்டளைச் சொல்லாகிவிடும். சிறு சொற்களால் பெருஞ்சொல் அமையும்.

காவலூரிலும் இத்தகைய தேவை எழுந்தது. 1980களில் துஷார் பிரபு, அனுபமா, சுனேத்ரா கிரிதர் ஆகிய வானியலார், நிறமாலைகளைச் சீர்செய்வதற்கென ‘ரெஸ்பெக்ட்’ என்னும் நிரல்தொகுப்பை உருவாக்கினர். ஆய்வகத்திலிருந்த வாக்ஸ் கணிப்பொறியில் அது இயங்கியது. இவர்கள் நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். இரவில் வானை நோக்கியவர்களே பகலில் கருவியையும் செய்துகொண்டனர். 1985இல் வெடித்தெழுந்த ஆர்.எஸ். ஒபியூக்கி என்னும் மீள்நோவா போன்றவை இவர்களின் ஆராய்ச்சிப் பொருள்களாக இருந்தன. பிறர் செய்து தரும்வரை காத்திருந்தால் நோவா காத்திருக்குமா?

இங்கே நம் ஊர்த் தொழில் எனக்கு நினைவுக்கு வருகிறது. பச்சைத் தோலை ஊறவைத்தல், சுண்ணாம்பிலிடுதல், சதை நீக்குதல், பட்டைச்சாற்றில் பதனிடுதல் என்று ஒவ்வொன்றும் முறைப்படி நிகழவேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் நேர்ந்த பிழையைப் பட்டைத் தொட்டியில் திருத்த இயலாது. எந்தப் படியில் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்தவனே கைதேர்ந்த பதனிடுவோன். எண்களின் நிலையும் இதுவே. கழிக்கவேண்டியதைக் கழிக்காமல் வகுத்துவிட்டால், இறுதியில் அழகிய படம் கிடைக்கலாம், உண்மை கிடைக்காது.

பின்னர் ஐராஃப் என்னும் அமெரிக்கத் தொகுப்பு உலகெங்கும் பரவியது. இன்று பைத்தான் மொழியும், வானியலார் பலர் 2011 முதல் கூடி வளர்த்துவரும் ஆஸ்ட்ரோபையும் இலவசமாகவே கிடைக்கின்றன. கட்டளையொன்றை இட்டால் விடை வந்துவிடுகிறது. எளிமை நன்றே. ஆயினும் அதில் ஓர் ஆபத்து உண்டு. கருவி எளிதாகும்போது, அதனுள் நடப்பதை அறியும் ஆவல் குறைந்துவிடக்கூடும்.

ஆகவே இயற்பியலோ வேதியியலோ உயிரியலோ பயிலும் மாணவர்களே, நிரல் எழுதுவது வேறு யாரோ ஒருவரின் தொழில் என்று ஒதுங்காதீர்கள். பத்து வரி போதும். உங்கள் சோதனைச்சாலை அளவுகளின் சராசரியை நீங்களே கணக்கிடுங்கள். அவ்விடையைக் கையாலும் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டும் ஒத்துவரும் அந்த நொடியில், கணிப்பொறி உங்கள் எஜமானாக இராமல் உங்கள் கருவியாகும். சவ்வாது மலையில் அன்று விழித்திருந்தவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.