பத்து ஏக்கரில் எழுந்த ஊர்: தே புவேயாவின் கதை

பாலினீசியாவைப் புரிந்துகொள்ள பசிபிக் பெருங்கடலில் ஒரு பெரிய முக்கோணம் போட்டுப் பாருங்கள். வடக்கு முனையில் ஹவாய், கிழக்கே ஈஸ்டர் தீவு, தென்மேற்கில் நியூசிலாந்து. இதற்குள் பேர் சொல்லும் பெண்கள் நிறைய உண்டு. ஹவாயின் கடைசி அரசி லிலியுவோகலானியையும், 1918 முதல் 1965 வரை டோங்காவை ஆண்ட அரசி சலோட்டேயையும் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரசிகளுக்கு வரலாற்றில் இடம் சுலபமாகக் கிடைத்துவிடும். நான் எழுத நினைப்பது அரியணையில் உட்காராத ஒருவரைப் பற்றி: நியூசிலாந்தின் மாவோரிப் பெண், தே புவேயா ஹேராங்கி (1883–1952).

அவரைப் புரிந்துகொள்ள இருபது வருஷம் பின்னால் போகணும். வெள்ளையர் கைக்கு நிலம் போய்க்கொண்டே இருந்ததைத் தடுக்க, மாவோரிக் குலங்கள் பல சேர்ந்து 1858-ல் தங்களுக்கென்று ஓர் அரசரைத் தேர்ந்தெடுத்தன. காலனி அரசு இதைச் சவாலாகப் பார்த்தது. 1863 ஜூலையில் பிரிட்டிஷ் படை மங்கதாஃபிரி ஓடையைத் தாண்டி வைக்காட்டோ பகுதிக்குள் நுழைந்தது. போர் முடிந்ததும் கலகக்காரர்கள் என்று சொல்லி சுமார் 12 லட்சம் ஏக்கரைப் பறிமுதல் செய்தார்கள். இரண்டாம் அரசர் தாஃபியாவோ தன் மக்களோடு வருஷக்கணக்கில் அகதி மாதிரி வாழ்ந்தார். அவருடைய மகள் வயிற்றுப் பேத்திதான் தே புவேயா.

முதல் உலகப் போர் வந்தது. கட்டாய ராணுவச் சேவையை 1917-ல் மாவோரிகளுக்கும் நீட்டினார்கள். ஆனால் நடைமுறையில் அது வைக்காட்டோ பகுதி ஆட்களுக்கு மட்டும்தான். மற்ற குலங்களிலிருந்து ஆள் தானாகப் போனார்கள், இங்கிருந்து போகவில்லை. அதற்கான பதிலடி இது. தே புவேயாவின் கேள்வி எளிமையானது. எங்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவர்களுக்காக எங்கள் பிள்ளைகள் ஏன் சாகணும்? அதோடு, தாத்தா தாஃபியாவோ ஆயுதத்தைக் கீழே வைத்து, இனி ரத்தம் சிந்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேத்திக்கு அது கட்டளை.

இதில் ஒரு வேடிக்கை. மாவோரிகளைப் படையில் சேர்க்கும் பொறுப்பில் இருந்த அமைச்சர் மாவுயி போமாரே. 1911 தேர்தலில் அவர் ஜெயிக்க ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டியவரே தே புவேயாதான்!

அவர் இளைஞர்களை மங்கதாஃபிரி குடியிருப்பில் தன்னோடு சேர்த்துக்கொண்டார். 1918 ஜூனில் போலீஸ் வந்தது. யாரும் கை ஓங்கவில்லை, யாரும் எழுந்து போகவுமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அதில் அரசரின் தம்பியும் ஒருவர், பதினாறு வயசு. சீருடை போட மறுத்தவர்களுக்குத் தண்டனை மேல் தண்டனை. தே புவேயா ராணுவ முகாமுக்கு வெளியே, உள்ளே இருப்பவர்கள் கண்ணில் படும்படி போய் உட்கார்ந்திருப்பார். கடைசியில் வைக்காட்டோவில் அப்படிப் பிடிக்கப்பட்டவர்களில் ஒருவர்கூடக் கடல் தாண்டிப் போர்முனைக்குப் போகவில்லை.

அதே வருஷக் கடைசியில் விஷக் காய்ச்சல் உலகத்தையே வாரிக்கொண்டு போனது. மங்கதாஃபிரியில் நாலில் ஒருவர் செத்தார்கள். அநாதையான சுமார் நூறு பிள்ளைகளைத் தே புவேயா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் திருப்பம் இதுதான். வேண்டாம் என்று மறுத்து நின்றவர், இனி கட்டியெழுப்பியாக வேண்டும். நூறு பிள்ளைகளுக்குச் சோறு வேணும், கூரை வேணும்.

தேர்ந்தெடுத்த இடம் ஙாருவாவாஹியா, போருக்கு முன் மாவோரி அரசரின் தலைநகரம். ஆற்றங்கரையில் பத்து ஏக்கர், புதரும் சகதியுமான நிலம். பறிமுதலான தங்கள் சொந்த மண்ணையே அவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். 1921-ல் பிள்ளைகளும் பெரியவர்களுமாக அங்கே குடியேறி, புதரை வெட்டி, சகதியை நிரப்பினார்கள். அந்த இடத்தின் பெயர் தூரங்கவைவை. நிற்பதற்கான இடம், கால் ஊன்றும் இடம் என்று பொருள்.

காசுக்கு என்ன வழி? பாட்டும் ஆட்டமும்தான். ஒரு கலைக்குழு அமைத்து ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தினார். குழுவுக்கு வைத்த பெயரில் 'மங்கதாஃபிரி' இருந்தது, படை தாண்டி வந்த அதே ஓடை. டிக்கெட் வாங்கிக் கைதட்டிய வெள்ளையர்களில் எத்தனை பேருக்கு இது புரிந்திருக்கும்? அந்த வசூலும் சேர்ந்து எழுந்த மாஹினாராங்கி என்ற செதுக்குவேலைப்பாடு கொண்ட மண்டபம் 1929-ல் திறக்கப்பட்டது. தன் மக்களுக்கு மருத்துவமனையாக இருக்கட்டும் என்றுதான் ஆசைப்பட்டார். அதிகாரிகள் ஒத்துக்கொள்ளாததால் அது விருந்தினர் மண்டபமாகவே நின்றது.

பத்திரிகைகள் அவரை 'இளவரசி' என்றன. அந்தப் பட்டம் அவருக்குப் பிடிக்காது. மாவோரி வழக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது என்பது அவர் கட்சி.

இனி வருவதுதான் சிக்கலான பகுதி. வைக்காட்டோ மக்களிடம் ஒரு கொள்கை உண்டு: நிலமாகப் போனது நிலமாகவே திரும்ப வேண்டும். ஆனால் 1946-ல் பிரதமர் பீட்டர் ஃப்ரேசருடன் பேசி தே புவேயா ஏற்றுக்கொண்டது பணத்தை. வருஷத்துக்கு 6,000 பவுண்டு, 50 வருஷத்துக்கு. அதன் பிறகு வருஷத்துக்கு 5,000. பறிபோன நிலத்துக்கு இது எந்த மூலைக்கு? கொள்கையை விட்டுக்கொடுத்தார் என்று சொன்னால் உடனே மறுக்க முடியாதுதான்.

எனக்கு வேறு மாதிரி படுகிறது. அந்தத் தொகையோடு, அநியாயம் நடந்தது என்ற ஒப்புதலும் சட்டமாகவே பதிவானது. பணத்தை நிர்வகிக்க மக்களுக்கென்று ஓர் அறக்கட்டளை வாரியம் அமைந்தது. வழக்கை மூடாமல் காத்து வைக்க ஓர் அமைப்பு கிடைத்துவிட்டது. 1995-ல் அரசு முறையாக மன்னிப்புக் கேட்டு, நிலமும் சேர்த்து 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்புக்கு உடன்பாடு செய்தது. அந்தச் சட்டத்தில் ராணி எலிசபெத் நேரிலேயே கையெழுத்துப் போட்டார். 1946-ல் கால் ஊன்றாதவர்கள் 1995 வரை நின்றிருப்பார்களா என்பது என் கேள்வி.

1951-ல் மாவோரிப் பெண்கள் நல அமைப்பு தொடங்கியபோது அதன் புரவலராக இருந்தார். மறுவருஷம் காலமானார். 1966-ல் மாவோரி அரியணையில் முதல்முறையாக ஒரு பெண் அமர்ந்தார்: அரசி தே அடாயிராங்கிகாஹு. முடிசூட்டு நடந்த இடம், புதரும் சகதியுமாகக் கிடந்த அதே தூரங்கவைவை.